மைனஸ் எட்டில் புளியோதரை!

நம்ம ஊரில் மலைக்குப் போகிறவன் முதலில் வானத்தைப் பார்ப்பான். மப்பும் மந்தாரமுமாக இருந்தால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா" என்று வீட்டில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடுவான். ஸ்காட்லாந்துக்காரன் வேறு ரகம். அவனும் வானத்தைப் பார்ப்பான். பனி கொட்டுகிறது, காற்று ஆளைத் தள்ளுகிறது என்று தெரிந்தால் முகமெல்லாம் மலர்ந்து, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கேட்டால் 'இதுதான் சீசன்' என்பான்!

இத்தனைக்கும் அந்த மலைகளின் உயரத்தைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். பிரிட்டனிலேயே பெரிய மலை பென் நெவிஸ், 1345 மீட்டர். அதற்கு அடுத்தது கெய்ர்ன்கார்ம் மலைத் தொகுதியில் இருக்கும் பென் மெக்டூயி, 1309 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2637 மீட்டர். ஒரு மெக்டூயி மேல் இன்னொரு மெக்டூயியைத் தூக்கி வைத்தாலும் தொட்டபெட்டாவை எட்டாது!

ஆனால் அட்லஸைப் புரட்டினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். கெய்ர்ன்கார்ம் இருப்பது 57 டிகிரி வடக்கில். மாஸ்கோவே இதற்குத் தெற்கேதான் இருக்கிறது. அட்லாண்டிக் கடலில் கிளம்புகிற புயலெல்லாம் வரிசையாக வந்து மோதுகிற இடம் ஸ்காட்லாந்து. மேலே ஏறிவிட்டால் உச்சி கூம்பாக இருக்காது. கிரிக்கெட் மைதானங்களை அடுக்கிவைத்த மாதிரி பரந்த மேட்டுச் சமவெளி. ஒரு மரம் கிடையாது, ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. 1986 மார்ச் 20-ந் தேதி கெய்ர்ன் கார்ம் சிகரத்தில் இருக்கும் கருவி மணிக்கு 173 மைல் வேகத்தில் ஒரு காற்று வீச்சைப் பதிவு செய்திருக்கிறது. கிட்டத்தட்ட 278 கிலோமீட்டர்! நம்ம துறைமுகத்தில் பதினோராம் நம்பர் கூண்டு ஏற்றுவதற்குள் கூண்டே பறந்துபோயிருக்கும்.

இந்த மலைகளை ஏறுவதில் அவர்களுக்கு ஒரு கணக்கும் உண்டு. 1891-ல் சர் ஹியூ மன்ரோ என்பவர் ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்களையெல்லாம் பட்டியல் போட்டார். திருத்தித் திருத்தி இன்றைக்கு அதில் 282 இருக்கின்றன. 'மன்ரோ' என்றே அந்தச் சிகரங்களுக்குப் பெயர். நாம் தபால்தலை சேர்த்த மாதிரி அவர்கள் மன்ரோ சேர்க்கிறார்கள். பட்டியல் போட்ட மன்ரோவோ தன் பட்டியலை முழுசாக ஏறி முடிக்காமலேயே 1919-ல் காலமாகிவிட்டார்!

சில வருஷங்களுக்கு முன்னால் நான் அபர்டீனில் வேலை பார்த்தேன். கூடவே ஒரு மதுரைக்கார நண்பன். எங்கள் ஆபீஸில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், அறுபதைத் தொடப்போகிற வயசு. மலையில் மாட்டிக்கொள்கிறவர்களைத் தேடிக் கொண்டுவரும் மீட்புக் குழுவில் தொண்டராகப் பல வருஷம் இருந்தவர். (அந்தக் குழுக்களில் சம்பளம் கிடையாது. நடுராத்திரி போன் வந்தால் தச்சரும் டாக்டரும் வாத்தியாரும் எழுந்து ஓடுகிறார்கள். மாட்டிக்கொண்டவரிடமும் காசு வாங்குவதில்லை.) பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். எங்களுக்கு வாய் வராது. 'சார்' என்றால் முறைப்பார். அதனால் எங்களுக்குள் அவர் 'பெரியவர்'.

ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை பெரியவர், "வாரக் கடைசியில் கெய்ர்ன்கார்ம் போகிறேன், வருகிறீர்களா?" என்றார். நான் யோசிப்பதற்குள் மதுரைக்காரன் 'எஸ்' சொல்லிவிட்டான்.

பிரேமார் என்கிற சின்ன ஊரைத் தாண்டி லின் ஆஃப் டீ என்ற இடம் வரைதான் கார் போகும். பிரேமாரைப் பற்றி ஒரு தகவல்: பிரிட்டனில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 27.2 டிகிரி. அது 1895-ல் ஒரு தடவை, 1982-ல் இன்னொரு தடவை பதிவானது இந்த ஊரில்தான். 1995 டிசம்பரில் ஆல்ட்நஹாரா என்கிற வடக்கத்திக் கிராமம் போட்டிக்கு வந்து சமன் செய்தது. இதை நான் வண்டியில் சொன்னபோது மதுரைக்காரன், "மாப்ளே, இதையெல்லாம் கெளம்பறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டியா?" என்றான்.

கார் நின்றதும் பெரியவர் முதல் காரியமாக அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஜீன்ஸைக் கழற்று."

"இங்கேயா?"

"இங்கேதான். மேலே அது உன்னைக் கொன்றுவிடும்."

வேடிக்கை இல்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். ஈரம், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும். ஒரே ஒரு தடி கோட்டு போடுவதைவிட உள்ளே கம்பளி பனியன், நடுவில் மெத்தென்று ஒரு சட்டை, வெளியே காற்றும் மழையும் புகாத ஓர் உறை என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஏறும்போது கழற்ற வேண்டும், நிற்கும்போது மாட்ட வேண்டும். வியர்க்கவே கூடாது! வியர்வை உறைந்தால் ஐஸ் பனியன் போட்ட கதைதான். பெரியவர் டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்த உபரி கால்சட்டையில் நண்பன் சர்க்கஸ் கோமாளி மாதிரி இருந்தான்.

ஆளுக்கு ஓர் ஐஸ் கோடரி, பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் இரும்புப் பல் தகடான க்ராம்பான், வரைபடம், காம்பஸ், நெற்றியில் மாட்டும் விளக்கு, விசில். போனை நம்பக் கூடாது. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது, குளிரில் பாட்டரியும் படுத்துவிடும். ஆபத்து என்றால் ஒரு நிமிஷத்தில் ஆறு தடவை விசில், பிறகு ஒரு நிமிஷம் மௌனம், மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று தடவை கேட்டால் யாரோ காதில் வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பைன் மரக் காட்டு வழியாக ஐந்து கிலோமீட்டர் நடந்தால் டெர்ரி லாட்ஜ் என்ற பழைய வேட்டை மாளிகை. அதன் அருகே புல்தரையில் கூடாரம் போட்டோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் 2003-ல் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பொறுப்போடு நடந்துகொண்டால் தனியார் நிலத்திலும் நடக்கலாம், ஒரு ராத்திரி இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுப் படுக்கலாம். குப்பை போடக் கூடாது, வீட்டுக்கும் சாலைக்கும் பக்கத்தில் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் நம் வாசலில் சைக்கிள் நிறுத்தினாலே சண்டைக்குப் போகிற நமக்கு இந்தச் சட்டம் ஆச்சரியம்தான்.

மூன்று மணிக்கே வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. ஜனவரியில் அங்கே எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். நாலு மணிக்கெல்லாம் ஷட்டரைப் போட்டுவிடும். அரசாங்க ஆபீஸ் தோற்றது! ஆக, கூடாரத்துக்குள் பதினாறு மணி நேரம். இந்த விளையாட்டில் மலை ஏறுவதைவிடக் கஷ்டமான பகுதி இதுதான் என்பது என் கட்சி.

ஸ்டவ் பற்ற வைப்பதே ஒரு கலை. சாதாரண கேஸ் டப்பாவில் இருக்கும் பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் மைனஸ் 42 வரை தாக்குப்பிடிக்கும் புரோப்பேனைக் கலந்து விற்கிறார்கள். அப்படியும் டப்பாவைப் படுக்கையில் வைத்துக் குழந்தை மாதிரி சூடேற்றித்தான் எடுக்க வேண்டும். கூடாரக் கதவை மூடிக்கொண்டு சமைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் வந்து ஆளை நிரந்தரமாகத் தூங்க வைத்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும், ஐஸ் மேல்பக்கத்திலிருந்துதான் கட்டும். காலையில் நிமிர்த்தினால் மூடிப் பக்கம் தண்ணீராக இருக்கும். பூட்ஸையும் ஒரு பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விடிந்ததும் இரண்டு மரக்கட்டைகளுக்குள் காலை நுழைக்க வேண்டியிருக்கும்.

மதுரைக்காரன் பெருமையாக டிபன் டப்பாவைத் திறந்தான். அவன் கையாலேயே கிளறிய புளியோதரை. பெரியவரின் முதுகுப்பையில் தொங்கிய சின்ன வெப்பமானி மைனஸ் எட்டு காட்டியது. நல்லெண்ணெய் இறுகி, புளியோதரை செங்கல்லாகியிருந்தது. கத்தியால் பெயர்த்து, தண்ணீர் தெளித்து, ஸ்டவ்வில் உதிர்த்து எடுத்தோம். பெரியவர் ஒரு வாய் வைத்தார். நெற்றியில் வியர்வை! "இதை மீட்புக் குழுவுக்கு சப்ளை செய்தால் போர்வை மிச்சம்" என்றார்.

பிறகு பேய்க் கதை. பென் மெக்டூயியில் 'பெரிய சாம்பல் மனிதன்' ஒருவன் இருக்கிறானாம். நார்மன் காலி என்று ஒரு ரசாயனப் பேராசிரியர், இமயமலை வரை போய் வந்த மலையேறி. 1891-ல் அந்தச் சிகரத்திலிருந்து தனியாக இறங்கியபோது பனிமூட்டத்தில் பின்னால் காலடிச் சத்தம். இவர் மூன்று நாலு அடி வைத்தால் அது ஓர் அடி வைத்ததாம். திரும்பிப் பார்க்காமல் கீழே ஓடிவந்து சேர்ந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1925-ல் கெய்ர்ன்கார்ம் கிளப் கூட்டத்தில் இதைச் சொன்னார். பேராசிரியரே சொன்னால் யார் மறுப்பது? பின்னாலிருந்து சூரியன் அடிக்கும்போது நம் நிழலே முன்னால் இருக்கும் மேகத்தில் ராட்சத உருவமாக விழுவதுண்டு, அதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு என்று விளக்கம் சொல்கிறார்கள். சரி, நிழலுக்கு ஏது காலடிச் சத்தம்? நண்பன் அன்றைக்கு ராத்திரி இயற்கை உபாதைக்குத் தனியாக வெளியே போக மறுத்துவிட்டான்.

இரவு முழுக்கப் பனி விழுந்தது. மணிக்கு ஒரு தடவை பெரியவர் எழுந்து கூடாரத் துணியை உள்ளிருந்து தட்டிச் சரித்தார். தட்டும்போதெல்லாம் நாங்கள் விட்ட மூச்சே உறைந்து துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது, பொடிப் பொடியாக மூஞ்சியில் விழுந்தது.

காலையில் வெளியே வந்தால்... அடடா! பைன் மரங்களெல்லாம் வெள்ளை வேட்டி கட்டியிருந்தன. சிவப்பு மான் கூட்டம் ஒன்று ஐம்பது அடி தூரத்தில் நின்று எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது. வழியில் டார்மிகன் பறவைகள். (இங்கிலீஷில் முன்னால் ஒரு 'பி' எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள்.) குளிர்காலத்தில் முழு வெள்ளையாக மாறிவிடும் கோழி மாதிரிப் பறவை. மிதிக்கப் போகும்போதுதான் பனிக்கட்டிக்குக் கண் இருப்பது தெரியும்.

எங்கள் திட்டம், லேரிக் க்ரூ என்ற பெரிய கணவாய்ப் பள்ளத்தாக்கில் இருக்கும் கோரூர் குடிசைக்குப் போய், முடிந்தால் அதன் தலைமேல் நிற்கும் 'டெவில்ஸ் பாயின்ட்' சிகரத்தை ஏறுவது. அந்தப் பேர் விக்டோரியா மகாராணிக்காக நாகரிகப்படுத்தப்பட்டது என்று ஒரு கதை. அசல் கேலிக் பேருக்கு என்ன அர்த்தம் என்று மகாராணி கேட்க, உதவியாளர் நாசூக்காக மாற்றிச் சொன்னாராம். அசல் அர்த்தத்தைப் பெரியவர் சொன்னார். நான் இங்கே சொன்னால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

கோரூர் மாதிரிக் குடிசைகள் ஸ்காட்லாந்து மலைகளில் நிறைய. 1965-ல் தொடங்கிய ஒரு சங்கம் சுமார் நூறு குடிசைகளைப் பராமரிக்கிறது. நாலு சுவர், ஒரு கூரை. பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, விறகும் கிடையாது. யார் வேண்டுமானாலும் தங்கலாம்.

லூயிபெக் ஓடையைத் தாண்டி மலைத் தோளைச் சுற்றும் பாதையில் ஏறினோம். நைஸ்மித் என்பவர் 1892-ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: மணிக்கு மூன்று மைல், ஆயிரம் அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக அரை மணி. முழங்கால் பனியில் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். தோள் திரும்பியதும் மேற்கிலிருந்து காற்று அறைந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெள்ளை. தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதுகூடத் தெரியாது! பெரியவர் ஒரு பனி உருண்டையை முன்னால் எறிந்தார். அது விழுந்து நின்றால் தரை உண்டு. மறைந்துபோனால் விளிம்பு. மேட்டுச் சமவெளிகளின் ஓரத்தில் காற்று பனியைத் தாழ்வாரம் மாதிரி வெளியே நீட்டிக் கட்டிவைக்கும். தரை என்று நம்பி மிதித்தவர்கள் அப்படியே போயிருக்கிறார்கள். ஒரு கண் காம்பஸில், வாய் காலடிகளை எண்ண... அப்படி நடந்தோம்.

அரை நிமிஷம் மேகம் விலகியது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், தீப்பெட்டி அளவுக்குக் குடிசை. மதுரைக்காரன் குதூகலமாகி, போட்டோ எடுக்க வலது கையுறையைக் கழற்றி அக்குளில் வைத்தான். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான்.

பெரியவர் தன்னிடமிருந்த உபரி உறையை மாட்டிவிட்டார். ஆனால் கால் மணி நேரத்தில் நண்பனின் பேச்சு நின்றது. நிமிஷத்துக்கு ஒரு 'மாப்ளே' போடுகிறவன்! இரண்டு தடவை தடுக்கினான். 'என்னடா?' என்றேன். ஏதோ முனகினான். பெரியவர் திரும்பிவந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்."

"தொண்ணூத்தி மூணு..." அதோடு நின்றுவிட்டது. இவன் எங்கள் ஆபீஸில் கணக்குப் புலி. கோட்டு ஜிப்பை மேலே இழுக்கச் சொன்னார். விரல் பிடிக்கவில்லை.

உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போகும்போது இப்படித்தான் ஆரம்பிக்குமாம். முனகல், தடுமாற்றம், எரிச்சல். அப்புறம் நடுக்கமே நின்றுவிடும். நடுக்கம் நின்றால் தேறிவிட்டான் என்று நினைக்கக் கூடாது, அதுதான் அபாயம். அந்தக் கட்டத்தில் சிலர் 'சுடுகிறது' என்று சட்டையைக்கூடக் கழற்றுவார்கள்.

பெரியவர் பாறை மறைவில் எங்களை உட்கார்த்தி, ஒரு பெரிய நைலான் பையை மூன்று பேர் தலைக்கும் மேலே கவிழ்த்தார். கோழிக் கூடை மாதிரி! உள்ளே காற்று இல்லை. மூன்று பேர் மூச்சில் சில நிமிஷத்தில் கதகதப்பு வந்தது. அடியில் பாய், உலர்ந்த கம்பளி, பிளாஸ்கிலிருந்து சர்க்கரை அள்ளிப்போட்ட கோகோ. "விஸ்கி?" என்றேன், ஸ்காட்லாந்தாயிற்றே என்று. முறைத்தார். சாராயம் தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு வந்த மாதிரி காட்டும், உள்சூட்டை வெளியே கொட்டிவிடும். கை காலைத் தேய்க்கவும் விடவில்லை.

இருபது நிமிஷத்தில் நண்பன் நடுங்க ஆரம்பித்தான். அந்த நடுக்கத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருப்பேன். பல் தந்தியடிக்க அவன் சொன்ன முதல் வாக்கியம்: "மாப்ளே, அந்தக் குடிசைக்குப் போயிடலாம்டா. ஒரு மணி நேரம்தானே?"

எனக்கும் அதே ஆசை. கூரை கண்ணுக்குத் தெரிந்தபிறகு யாருக்குத்தான் இருக்காது? திரும்பிப் போனால் கூடாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆனால் பெரியவர் தலையை ஆட்டினார். குடிசைக்கு ஒரு மணி நேரமும் காற்று முகத்தில், நடுவில் பனி மூடிய பள்ளம், அங்கே போனாலும் நெருப்பில்லை. கூடாரத்துக்கு என்றால் காற்று முதுகில், ஒவ்வோர் அடியும் இறக்கம், பத்து நிமிஷத்தில் தோளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அடியே விழாது. "கூரை நம்மை இழுக்கும். அதைப் பார்க்காதே. காற்றைப் பார்" என்றார்.

திரும்பினோம். லூயிபெக் ஓடை வந்தபோது பின்னாலிருந்து 'மாப்ளே' என்று குரல் கேட்டது. பசிக்கிறதாம்.

கூடாரத்தைச் சுருட்டி, இருட்டுவதற்குள் காரை அடைந்து, பிரேமாரில் ஒரு ஹோட்டலில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். "அந்தக் கூரை விஷயத்தில் ஏன் அவ்வளவு கறாராக இருந்தீர்கள்?" என்று கேட்டேன். 1971 என்று ஆரம்பித்தார்.

அந்த வருஷம் நவம்பரில் எடின்பரோ பள்ளி ஒன்றிலிருந்து மாணவர்கள் கெய்ர்ன்கார்ம் சமவெளிக்கு வந்தார்கள். இரண்டு குழு. வலுவானவர்கள் முதல் குழுவில் போய்ப் பிழைத்தார்கள். பின்னால் வந்தது ஆறு மாணவர்கள், இருபது வயசு ஆசிரியை ஒருவர், உதவிக்குப் பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி. சமவெளியின் மேலேயே அப்போது 'கரன்' என்று ஒரு சின்ன ஒதுங்கு குடிசை இருந்தது. வானிலை கெட்டால் அதற்குள் போய்விடலாம் என்பது கணக்கு. பனிப்புயலில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. திறந்தவெளியில் பனியில் இரண்டு ராத்திரி. தேடிப் போன ஹெலிகாப்டர் கண்ணில் பட்டது, கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து வந்துகொண்டிருந்த ஆசிரியை. அவரும் ஒரு பையனும் பிழைத்தார்கள். மற்ற ஆறு பேரும் இறந்துபோனார்கள்.

"அப்போ எனக்குப் பதிமூணு வயசு. அந்தப் பசங்களுக்கு என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட" என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு பெரிய விவாதம். மேலே குடிசை இருந்தால் உயிர் பிழைக்கும் என்றது ஒரு கட்சி. குடிசை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் போகக் கூடாத நாளில் மேலே போகிறார்கள், பனியில் புதைந்த குடிசையை யார் கண்டுபிடிப்பது என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்து, 1975-ல் கரன் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். கூரையைப் பிரித்தால் உயிர் பிழைக்கும் என்பது முதலில் எனக்கு விதண்டாவாதமாகத்தான் பட்டது. காலையில் அந்தத் தீப்பெட்டிக் குடிசை எங்களை இழுத்த இழுப்பை நினைத்தபோது, நான் இரண்டாவது கட்சிக்கே ஓட்டுப் போட்டேன். மதுரைக்காரன் இரண்டு தட்டு மீன் வறுவலோடு மும்முரமாக இருந்ததால் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால் அவன் மேஜை மேல் ஒரு பொட்டலம். பிரித்தான். தடித்த கையுறை ஒரு ஜோடி. இரண்டையும் இணைத்து ஒரு நீள எலாஸ்டிக் கயிறு, கழுத்தைச் சுற்றிச் சட்டைக்கைக்குள் விட்டுக்கொள்ள. எல்.கே.ஜி. குழந்தைகளுக்குப் போட்டுவிடுவார்களே, அதேதான். ஆபீஸே கூடி நின்று சிரித்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அன்றைக்கு முழுக்க அப்படியே உட்கார்ந்து கணக்குப் பார்த்தான்.